மேசையின் அடிப்பக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குப் பலகை முனக ஆரம்பித்தது. மணி எனக்குச் சரியாகத் தெரியும். பட்டறைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. புதுப் பெட்டி செய்யச் சொல்லி யாரோ கொடுத்துவிட்டு, வாங்கிப் போக வராமலே இருந்துவிட்ட கடிகாரம். ரம்பத்தின் அலகை மாற்றுவதற்காக நிமிர்ந்தபோது அதைப் பார்த்தேன். ஒன்பது நாற்பதுக்கு முதல் மரக் கம்பி முறிந்தது. பத்து மணிக்குள் நான்கு முறிந்துவிட்டன.

போன மாதம் சோணை கோச்சடையில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பட்டறையில் என்னோடு பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கண் மங்கி நான் வீட்டில் உட்கார்ந்த பிறகு, காலால் மிதித்து ஓட்டிய பழைய ரம்பத்தைத் தூக்கிவிட்டு அங்கே மோட்டார் ரம்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

"மிஷினு சும்மா பறக்குதுண்ணே. ஆனா மேசை இம்புட்டுத்தான் இருக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "நீங்க பழைய மிஷினுக்குப் பெருசாக்கினீகள்ல, அது எப்படின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. புதுசா வந்தவனுக நான் சொன்னா நம்ப மாட்டேங்குறானுக. எழுத்துல இருந்தா நம்புவானுக."

எழுத உட்கார்ந்தேன். மரம், அளவு, சட்டம் எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது. மேசையின் அடிப்பக்கத்தைப் பற்றி எழுத வேண்டிய வரி வந்ததும் கை நின்றுவிட்டது. 'அடியிலும் மெழுகு பூச வேண்டும்' என்று நான்கு சொல்லில் எழுதிவிடலாம். அந்த நான்கு சொல்லை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை. நடந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோணை கேட்டது ஒரு தாள். கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் எழுமலை. வீட்டில் எல்லோரும் புஞ்சைக் காட்டை நம்பியிருந்தவர்கள். எட்டாவது வரை படித்த எனக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை, மதுரைக்கு வந்தேன். தெற்கு வாசல் பக்கம் மீரான் ராவுத்தர் பட்டறையில் சேர்ந்தேன். முதல் வருஷம் உப்புத்தாள் தேய்த்தேன். இரண்டாம் வருஷம் துளை போட்டேன். மூன்றாம் வருஷம் மிதி ரம்பத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்த வாரமே ஒரே நாளில் ஏழு அலகுகளை முறித்தேன். பம்பாயிலிருந்து தபாலில் வரவழைக்கும் அலகு. ராவுத்தர் ஏழு துண்டுகளையும் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க, பெருமாள்" என்றார்.

அவரை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களை அவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் 'மாமா' என்போம். சந்தோஷமாக இருந்தால் 'வாடா', 'போடா'. கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். 'நீங்க', 'வாங்க', 'உக்காருங்க' என்று அவர் சொல்லத் தொடங்கினால் பட்டறையில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அறுத்த வேலையைச் சோதிக்க அவருக்குக் கண் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, சுண்டு விரல் நகத்தை அறுத்த விளிம்பில் ஓட்டுவார். நகம் எங்காவது தட்டினால் அங்கே நிறுத்தி, ஒன்றும் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்தே எனக்குக் கை நேரானது.

மிதி ரம்பத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலும் கீழும் இரண்டு நீண்ட கைகள். அவற்றின் நுனிகளுக்கு நடுவே நூல் போல மெல்லிய ஓர் அலகு நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காலால் மிதித்தால் கைகள் அசைந்து அலகு மேலும் கீழும் ஓடும். அலகு ஓரிடத்திலேயே இருக்கும்; பலகையைத்தான் நாம் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரைந்த படத்தைப் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு துளை போட்டு, அதில் அலகை நுழைத்துக் கட்டி, கோட்டின் மேலேயே போய் அந்தக் கண்ணை வெட்டி எடுப்போம். வெட்டியது போக மிஞ்சி நிற்கும் மர இழையைக் கம்பி என்போம். பலகையைத் தாங்குவது அலகைச் சுற்றியுள்ள சிறிய இரும்பு மேசை. எங்கள் மிஷினில் அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். போட்டோச் சட்டத்துக்கும் கடிகாரப் பெட்டிக்கும் அது போதும்.

பெரிய வேலை ஒன்று வந்தது. தோல் வியாபாரி ஒருவர் தம் வீட்டு மாடிச் சன்னலுக்கு இரண்டு மரத் திரைகள் கேட்டார். ஒவ்வொன்றும் இரண்டடி உயரம், ஒன்றேகால் அடி அகலம். அவருடைய மனைவி கதீஜா அம்மாள் கோஷா முறையில் இருப்பவர். அந்தச் சன்னல்தான் அவருக்குத் தெரு. ஏற்கெனவே இருந்த திரையில் கம்பிகள் விரல் தடிமன். வெளியில் போவது ஆடா ஆளா என்றே தெரியவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார். உள்ளே இருப்பவர் வெளியில் தெரியக் கூடாது, உள்ளிருந்து தெரு முழுக்கத் தெரிய வேண்டும். இதற்குப் படம் போட வேண்டும். ஆண் பிள்ளை யாரும் அந்த மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது.

ராவுத்தர் என்னிடம், "மாப்ள, ஒம் மக பேச்சி படம் போடும்னியே, கூட்டிட்டு வாயேன். எங்க வீட்டம்மாவோட போயிட்டு வரட்டும்" என்றார்.

பேச்சியம்மாள் என் ஒரே மகள். அப்போது பதினேழு வயது. வீட்டில் நான் கொண்டுபோகும் கழிவுக் காகிதத்தில் கொடியும் பூவும் போட்டுக்கொண்டிருப்பாள். சின்னச் சட்டங்களுக்கு அவள் போட்ட படங்களில் சிலவற்றை என் படங்கள் போல நானே பட்டறையில் கொடுத்திருக்கிறேன். ராவுத்தர் ஒரு நாள் நகத்தால் காகிதத்தைத் தடவி, "இது ஒன் கை இல்லையே" என்று கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அடுத்தவர் வீட்டு மாடிக்குப் போய்ப் படம் போடுகிற பெண் என்று பேர் வந்தால் என்ன ஆகும், வழியில் மாடு முட்டினால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசித்து, இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். நான் அப்படிப்பட்டவன். அவள் தும்மினாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. கடைசியில் அவளே, "நீங்க யோசிச்சுக்கிட்டே இருங்கய்யா, நான் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

அங்கே அவள் செய்ததை நான் பெருமையோடு சொல்ல வேண்டும். கறுப்புக் காகிதத்தைப் பல அகலங்களில் நாடாக்களாக வெட்டிக் கொண்டுபோனாள். அவற்றைச் சன்னலில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, கதீஜா அம்மாளை உள்ளே உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னாள். பிறகு அம்மாளின் இடத்தில் தான் உட்கார்ந்து, ராவுத்தர் வீட்டம்மாவைத் தெருவிலிருந்து பார்க்கச் சொன்னாள். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் அகலத்தில் தெரு துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு நூலில் வெளியிலிருந்து முகம் தெரிந்தது. இரண்டு நூல் சரியாக இருந்தது. "எதுத்த கடையில தராசு முள்ளு தெரியுது தாயி" என்றாராம் அந்த அம்மாள். அந்த அளவிலேயே, நடுவில் எட்டு இதழ்ப் பூவும் சுற்றிக் கொடியுமாக ஒரு படம் போட்டுக் கொண்டுவந்தாள். ராவுத்தர் அதைச் சன்னலில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "மாப்ள, இதைக் கெடுத்துப்புடாத" என்றார்.

இனி சோணை கேட்ட மேசை. தட்டளவு இரும்பின் மேல் இரண்டடிப் பலகையை வைத்தால், ஓரம் தொங்கி, அதன் பாரத்திலேயே மெல்லிய கம்பி முறியும். ஆகவே இரும்பு மேசையின் மேல் ஒரு மர மேசையைப் போர்த்த முடிவு செய்தோம். இரும்பில் துளை போட ராவுத்தர் சம்மதிக்கவில்லை. "சீமை மிஷினு. அதுக்கு மூக்குக் குத்த வேணாம்" என்றார். பழைய கதவுப் பலகை ஒன்றை இழைத்து அரை அங்குலக் கனத்துக்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் கனம் இருந்தால் அலகின் நீளம் போதாது. மூன்றடிக்கு இரண்டரை அடி. அடிப்பக்கத்தில் இரும்பு மேசையை நான்கு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி நான்கு குட்டைச் சட்டங்கள். முன் விளிம்பிலிருந்து நடு வரை ரம்ப அகலத்துக்கு ஒரு பிளவு, அலகைக் கழற்றாமலே மேசையை உள்ளே தள்ள. முன் மூலைகள் இரண்டுக்கும் தரையிலிருந்து இரண்டு முட்டுக்கால்கள். மேற்பரப்பில் எஃகு அளவுகோலைக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்த இடத்தில் சீவி, கடைசியில் பலகை வழுக்கிக்கொண்டு போவதற்காக மெழுகு தேய்த்துத் துணியால் மெருகேற்றினேன். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. அடிப்பக்கத்தில் ஒன்றும் பூசவில்லை. அடியில் பலகை வழுக்கப் போவதில்லை, யாரும் பார்க்கப் போவதுமில்லை என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வேலை வெண்ணெய் மாதிரி ஓடியது. முதல் திரையில் சுற்றுக் கொடி முழுக்க முடிந்து, நடுப்பூ மட்டும் பாக்கி.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பட்டறையைக் கழுவி விடுவது வழக்கம். மறுநாள் ஜும்ஆத் தொழுகை. ஒரு வாரத்து மரத்தூளைப் பெருக்கித் தள்ளி, செங்கல் தளத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோம். நானும் சோணையும்தான் ஊற்றினோம். வேலைப் பலகைகளையெல்லாம் பரணில் ஏற்றிப் பத்திரப்படுத்தினோம். மர மேசையை மட்டும் மிஷின் மேலேயே விட்டோம். இத்தனை வருஷம் அங்கே இருந்தது இரும்பு. தண்ணீர் பட்டால் துடைத்துவிட்டால் போதும். அந்தப் பழக்கத்தில் இருந்தோம். மிதிப்பலகைக்குக் கீழே தளம் கொஞ்சம் பள்ளம். கழுவிய தண்ணீர் அங்கேதான் தேங்கி, விடிய விடிய வற்றும்.

மறுநாள் காலை நடுப்பூவில் முதல் இதழைத் தொடங்கினேன். பலகை முனகியது. அலகு மழுங்கிவிட்டது என்று நினைத்து மாற்றினேன். முனகல் நிற்கவில்லை, பலகை அலகோடு சேர்ந்து துள்ளியது. துள்ளினால் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கையில் ஊறிய பாடம். இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்கினேன். டப்பென்று ஒரு கம்பி. இன்னும் அமுக்கினேன். நான்காவது கம்பி முறிந்தபோது சோணை என் தோளைப் பிடித்து இழுத்து, "அண்ணே, காலை எடுங்க" என்றான். நான் இன்னும் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஜும்ஆவுக்குப் போகும் வழியில் தோல் கடை மேனேஜர் அப்பாஸ் எட்டிப் பார்த்தார். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர்.

"என்ன மாமா இது, பல்லு விழுந்த வாயி மாதிரி இருக்கு?" என்று ராவுத்தரிடம் கேட்டார். பிறகு படத்தைக் குனிந்து பார்த்து, "கம்பி இம்புட்டு மெலிசா இருந்தா நிக்குமா? பொம்பளைப் புள்ளகிட்டப் படம் வாங்கினா கோலந்தான் வரும்" என்று சிரித்தார்.

ராவுத்தர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, கம்பி தாங்கலையா?"

"மெலிசுதான் மாமா" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்கும் காரணம் தெரியாது. அதனால் அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் தொழுகைக்குப் போனார்கள், சோணை சாப்பிடப் போனான். நான் தனியாக உட்கார்ந்து மேசையைத் துடைத்தபோது, துணி நடுவில் ஒரு மாதிரியாகவும் ஓரத்தில் ஒரு மாதிரியாகவும் ஓடியது. எஃகு அளவுகோலை எடுத்துக் குறுக்கே நிறுத்தினேன். இரண்டு ஓரத்திலும் ஒட்டி நின்றது. நடுவில் அடியில் வெளிச்சம். மெழுகு பூசிய மேல்பக்கம் அப்படியே இருக்க, பூசாத அடிப்பக்கம் தரை ஈரத்தைக் குடித்து உப்பி, ஓரங்களை மேலே தூக்கிவிட்டிருக்கிறது. மேசை தாம்பாளமாகிவிட்டது. தாம்பாளத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த பலகையை, கீழே ஒன்றுமே இல்லாத நடுவில் நான் அமுக்கியிருக்கிறேன். எந்த அகலத்தில் கம்பி இருந்திருந்தாலும் முறிந்திருக்கும்.

அளவுகோலைத் துடைத்து, ஆணியில் மாட்டினேன். ராவுத்தர் திரும்பி வந்தார். நான் சொல்லவில்லை.

ஏன் என்று இத்தனை வருஷம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். மேசை என் கை வேலை. பட்டறையில் என் பேரே அந்தக் கைதான். படம் வேறு ஒருவருடையது. அந்த வேறு ஒருவர் என் மகள் என்பது அந்த நேரத்தில் எனக்கு வசதியாகவே இருந்தது. மகள்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆற்றோரமாக நடந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சி வாசலிலேயே நின்றாள்.

"பூ முடிஞ்சதாய்யா?"

"முறிஞ்சுபோச்சு தாயி. நாலு கம்பி."

"நான் போட்டதுல தப்பா?"

"கொஞ்சம் மெலிசு."

"அந்த அகலத்துலதான் தெரு தெரியுதுன்னு அந்தம்மா சொன்னாகளே."

"தெருவைப் பாத்துக்கிட்டிருந்தா மரம் நிக்காதும்மா" என்றேன்.

இதைச் சொன்னது நன்றாகத் தெரிந்த பிறகு. முன்னால் ராவுத்தரிடம் சொன்னதற்காவது அறியாமை என்று ஒரு சாக்கு இருந்தது.

அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையும் சாப்பிடவில்லை. என் மனைவி, "என்ன சொன்னீக அவளை? வாயில பச்சைத் தண்ணி படலை" என்றாள். "ஒண்ணும் சொல்லலையே" என்றேன். சனிக்கிழமை பட்டறையில் அளவுகோலை மறுபடி நிறுத்திப் பார்த்தேன். ஈரம் காய்ந்து மேசை பழையபடி மட்டமாகிவிட்டது. இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தபோது நிம்மதிதான் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

கம்பியை மூன்று நூலாக்கிப் புதுப் படம் கேட்டார் ராவுத்தர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து பேச்சி அதைப் போட்டாள். திங்கள்கிழமை காலை நான் புறப்படும்போது காகிதத்தைச் சன்னலில் வைத்துப் பிடித்து, அதன் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"குடுத்துருங்கய்யா. ஆனா இதை நான் போட்டேன்னு மட்டும் அந்தம்மாகிட்டச் சொல்லிராதீக."

ஆற்றோரப் பாதை முடிகிற வரை அந்தக் காகிதம் என் கக்கத்தில் இருந்தது. பட்டறைக்குப் போனபோது ராவுத்தர் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். காகிதத்துக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"மாமா, கம்பி மெலிசில்லை. மேசை குழிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமை அளவுகோல் வச்சுப் பாத்தேன்."

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"நீங்க தொழுகைக்குப் போயிருந்தப்ப."

"இன்னைக்குத் திங்கக்கிழமை." விரலைத் துணியில் துடைத்தார். "உக்காருங்க, பெருமாள்."

உட்கார்ந்தேன். அறுபதை நெருங்கிய அந்த மனிதர் வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து, மேசைக்கு அடியில் நகர்ந்து போனார். சுண்டு விரல் நகம் மரத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கேட்டது.

"அடியில மெழுகே இல்லையே."

"இல்லை மாமா."

"நானும் கேக்கலை." அங்கிருந்தே பேசினார். "தண்ணியை ஊத்துன்னு சொன்னவனும் நான்தான். மேசைக்கு நாம ரெண்டு பேரும் பொறுப்பு. மூணு நாள் வாயை மூடிக்கிட்டிருந்ததுக்கு நீங்க மட்டுந்தான்." வெளியே வந்து தூசியைத் தட்டினார். "வியாழக்கிழமை மறுபடி கழுவுவோம். வெள்ளிக்கிழமை அப்பாஸை வரச் சொல்றேன்."

"அப்பாஸ் எதுக்கு மாமா? நம்மளுக்குள்ளேயே…"

"அவன் புள்ளையைச் சொன்னான்ல. அவன்தான் பாக்கணும்." பிறகு கேட்டார்: "வீட்ல அதுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், வேலை ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவள் முகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்பேன்.

வியாழக்கிழமை கழுவுவதற்கு முன்னால் வந்து மேசையைச் சோதித்துப் போயிருந்த அப்பாஸ், வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். ராவுத்தர் அளவுகோலை மேசையில் நிறுத்தி, அடியில் ஒரு போஸ்ட்கார்டைச் செருகினார். போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றையும் சேர்த்துச் செருகினார். உரசிக்கொண்டு அதுவும் போயிற்று.

"நேத்துச் சாயங்காலம் நீ பாத்தப்ப?"

"ஒண்ணு கூடப் போகலை" என்று ஒப்புக்கொண்டார் அப்பாஸ். மேசையைத் தடவிப் பார்த்தார். "செத்த மரம் மாமா. இன்னுமா தண்ணி குடிக்கும்?"

"குடிக்கும். நம்ம ஆயுசுக்கும் குடிக்கும்."

"அப்ப அந்தப் புள்ள மேல தப்பில்லை." சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். "கோலம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதை நீங்க வீட்ல போய்ச் சொல்லலையே?"

"சொல்லலை" என்றேன். அதைவிட மோசமாக நான் சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மேசையை மறுபடி செய்தேன். நன்றாகக் காயவைத்து, அடியில் விளிம்பிலிருந்து விளிம்பு வரை போகிற மாதிரி இழைக்குக் குறுக்கே இரண்டு நீளச் சட்டங்கள் போட்டேன். திருகாணித் துளைகளைக் கொஞ்சம் நீளவாக்கில் வைத்தேன், மரம் அசைந்தாலும் வெடிக்காமல் இருக்க. அடிப்பக்கம், விளிம்புகள், பிளவின் உட்புறம், முட்டுக்காலின் பாதம் எல்லாவற்றிலும் அரக்குப் பூச்சு இரண்டு முறை, பிறகு மேலும் கீழும் ஒரே அளவு மெழுகு. வியாழக்கிழமை கழுவும்போது மேசையைக் கழற்றிப் பரணில் ஏற்ற வேண்டும். காலையில் மிதிக்கு முன்னால் அளவுகோல் வைக்க வேண்டும். சோணை, உனக்கு வேண்டியது இந்தப் பத்திதான். வெட்டி எடுத்துக்கொள்.

உடைந்த திரைக்கு மாற்றாக அதே நிறத்தில் பலகை ஊரில் கிடைக்கவில்லை. ராவுத்தர் தம் வீட்டு அலமாரிக் கதவு ஒன்றைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "வீட்டம்மா துணிமணியெல்லாம் ஊருக்குத் தெரியக் கெடக்கு. சீக்கிரம் முடி மாப்ள" என்றார். பதினொரு நாளுக்குப் பிறகு அந்த 'மாப்ள' காதில் விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்புத்தாளைத் தேடினேன்.

அந்தத் திரைகள் இன்றும் அந்த மாடியில் இருக்கின்றன. ஒரு கம்பிகூட விடவில்லை. பேச்சிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பட்டறைக்குப் பெரிய வேலை வந்தால் அவளிடம்தான் ஆள் அனுப்புகிறார்கள். எனக்குத்தான் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவள் எதையாவது குனிந்து வரைந்துகொண்டிருப்பதைக் கண்டால், வாசலில் ஒரு கணம் கால் நின்றுவிடும்.

மிச்சம் இருப்பது அலமாரிக் கதவை அறுக்கத் தொடங்கிய அந்தப் புதன்கிழமை. அளவுகோல் வைத்து மேசையைச் சரிபார்த்துவிட்டேன். இரண்டு நூல் படம் முதல் பலகையோடு போய்விட்டது. அதை மறுபடி போட்டுத் தரச் சொல்லி அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அதனால் நானே போடலாம் என்று காகிதத்தை விரித்து, முதல் இதழிலேயே மூன்று முறை அழித்தாயிற்று.

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். பேச்சி நின்றாள். பட்டறைக்குள் அவள் அதுவரை வந்ததில்லை. கையில் ஒரு காகிதச் சுருள். பின்னால் தெருவில் ராவுத்தர் வீட்டம்மா நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மூலம் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சோணை உட்கார்ந்திருந்த முக்காலியைத் துடைத்துப் போட்டான். ராவுத்தர், "வா தாயி" என்றார். அவள் உட்காரவில்லை. நேராக மிஷினிடம் வந்து மேசையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு குனிந்து அடியில் கையைக் கொடுத்துத் தடவினாள். நான் எழுந்து நின்றேன்.

அவள் சுருளை விரித்து அலமாரிக் கதவின் மேல் வைத்து, நான்கு மூலையையும் நீவிவிட்டாள்.

"ரெண்டு நூல்தான்ய்யா. ஒண்ணும் மாத்தலை" என்றாள். "உங்ககிட்டக் குடுத்துவிட்டா மாத்திருவீகளோன்னுதான் நானே கொண்டாந்தேன்."